ஸ்காபரோ வீட்டு வாசலில் வாங்கப்பட்ட கையெழுத்து: அதை ரத்துச் செய்ய முடியுமா?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டிய உங்கள் பெற்றோர் கனடாவின் ரொறன்ரோ நகரத்தைச் சேர்ந்த ஸ்காபரோவில் தங்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டாப்லெட்டுமாக ஒருவர் வந்து, தண்ணீரையும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸையும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே நுழைந்திருக்கிறார். அப்பா இரண்டு இடத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே தண்ணீர் வடிகட்டி ஒன்று பேஸ்மென்ட்டில் பொருத்தப்பட்டது. மூன்று மாதங்களாக வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிகிறது. இதை ரத்துச் செய்யலாமா, வீட்டுக்கு ஏதும் ஆபத்து உண்டா, இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்ப்பது என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது அப்பாவின் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்ற ஒரே கேள்விதான். விற்க வந்தவர்கள் தாங்களாகவே வந்து கதவைத் தட்டியிருந்தால், அந்த ஒப்பந்தம் ஒன்ராறியோ சட்டப்படி செல்லாது. அப்பா நினைத்துக்கொண்டிருப்பதைவிடச் சட்டம் அவர் பக்கம் அதிகமாகவே நிற்கிறது.

நான் சட்டத்தரணி இல்லை. வீடு வாங்குதல், விற்றல், மறு அடமானம் ஆகிய கோப்புகளைக் கவனிக்கும் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீட்டு உறுதியில், அதாவது உரிமைப் பத்திரத்தில், என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடிப் பார்ப்பது என் அன்றாட வேலை. வாசலில் ஆரம்பிக்கும் இந்த மோசடிகள் கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் மேசை என்பதால், அவை எப்படி நடக்கின்றன என்பதை நன்றாகவே அறிவேன். எது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, எது உங்கள் அப்பாவின் தாள்களைப் பார்த்த பிறகே சொல்லக்கூடியது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன். அந்த இரண்டாவது வகைக்கு ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தெளிவானதிலிருந்து தொடங்குவோம். 2018 மார்ச் 1 முதல், ஒன்ராறியோவில் சில பொருள்களையும் சேவைகளையும், வீட்டுக்காரர் அழைக்காத நிலையில், வீட்டு வாசலில் வைத்து விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ ஒப்பந்தம் செய்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஃபேர்னஸ், ஏசி, வோட்டர் ஹீட்டர், காற்றைச் சுத்தப்படுத்தும் கருவிகள், தண்ணீர் வடிகட்டி, வோட்டர் சொஃப்ட்னர், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஏனைய கருவிகள், காற்றுக் குழாய்களைத் துப்புரவு செய்தல், இவற்றில் சிலவற்றைச் சேர்த்துக் கட்டிய பொதி என எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கும். தடையை மீறிச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பதோடு, பொருத்திய பொருளை வீட்டுக்காரர் எந்தக் கடப்பாடும் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். மீறும் தனியாள் ஒருவருக்கு 50,000 டொலர் வரை அபராதமோ இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவான காலம் வரை சிறையோ இரண்டுமோ, நிறுவனத்துக்கு 250,000 டொலர் வரை அபராதமோ விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் ஒப்பந்தங்களை வாசலில் செய்வது அதற்கு முன்பே, 2017 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே எல்லாம் "அழைத்தது யார்" என்பதில் வந்து நிற்கிறது. இதை அந்த நிறுவனங்களும் அறியும். வீட்டுக்காரர் தாமாகத் தொடர்புகொண்டு, ஒப்பந்தம் செய்வதற்காகவே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தால் அது தடைக்குள் வராது. எந்த வழியில் தொடர்பு ஏற்பட்டது என்ற பதிவை நிறுவனம் வைத்திருக்கவும் வேண்டும். விளம்பரத் தாளை வாசலில் போட்டுவிட்டுப் போவதற்குத் தடை இல்லை. இந்த இடைவெளியில்தான் தந்திரங்கள் முளைக்கின்றன. கடைத் தொகுதியிலோ ஒரு கண்காட்சியிலோ நிரப்பிய பரிசுச் சீட்டு, தொலைபேசியில் "இலவசப் பரிசோதனைக்கு எந்த நாள் வசதி" என்று கேட்டு வாங்கிய ஒரு "சரி" ஆகியவற்றை வைத்து, நீங்கள்தான் அழைத்தீர்கள் என்பார்கள். அவர்கள் எடுத்த அழைப்புக்கு அப்பா "சரி, வாருங்கள்" என்று சொன்னதும், அப்பாவே அவர்களை அழைத்ததும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் அவர்கள் வந்த நாளுக்கு முன் தொலைபேசி அழைப்பு ஏதும் வந்ததா, எங்காவது பெயரும் இலக்கமும் எழுதிக் கொடுத்தார்களா என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாக, பொறுமையாகக் கேட்டு, சொன்னதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெரிய சாட்சியாகும்.

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பாவை நம்பவைத்தது அதுதான். இரண்டு கிளாஸ்கள் வைப்பார்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைப் போட்டதும், குழாய்த் தண்ணீர் ஓரிரு நிமிடத்தில் கபில நிறமாகி, மேலே அழுக்குப் படலம் மிதக்கும். அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. குழாய்த் தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. மின்சாரம் பாயும்போது கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாகப் பிரிகிறது. உப்புகள் நீக்கப்பட்ட தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, ஆகவே அங்கே கம்பி கரைவதில்லை. அவர் கொண்டுவந்த சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு அதே கருவியை வைத்தால், அதுவும் கபில நிறமாகும். வேறு சிலர் ஒரு சொட்டு மருந்தை விட்டுத் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டுவார்கள். அது காட்டுவது, கிருமிகள் வளராமல் இருக்க நகரசபை வேண்டுமென்றே சேர்க்கும் குளோரினை. ஸ்காபரோவுக்கு வருவது ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுத்து நகரத்தின் நிலையங்களில் சுத்திகரித்த தண்ணீர். 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் மட்டும் தெருவிலிருந்து வரும் இணைப்புக் குழாய் ஈயமாக இருக்க வாய்ப்புண்டு; அந்தச் சந்தேகம் இருந்தால் 311ஐ அழைத்து நகரசபையிடமே கேட்கலாம். நகரசபையிலிருந்து வருகிறேன் என்று சொல்பவர் உண்மையில் அங்கிருந்து வந்தவரா என்பதையும் அதே இலக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

ஃபேர்னஸ் விஷயத்தில் பயமுறுத்தும் வழி வேறு. "வெடிப்பு இருக்கிறது, கார்பன் மொனொக்சைட் வெளியே வருகிறது, சிவப்புச் சீட்டு ஒட்டப் போகிறேன்" என்பார்கள். சிவப்புச் சீட்டு என்பது உண்மையான ஒன்று: தகுதிச் சான்று பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் ஆபத்தான கருவியைக் கண்டால் அதற்கு ஒட்டும் அறிவித்தல் அது. உடனடி ஆபத்தாயின் எரிவாயுவை நிறுத்துவார். அவ்வளவு அவசரம் இல்லாத குறையாயின் திருத்துவதற்கு நாள் கொடுப்பார். ஆனால் சீட்டு ஒட்டினாலும் யாரிடம் திருத்துவது, புதிதாக வாங்குவதா என்பதெல்லாம் வீட்டுக்காரரின் முடிவு. ஒட்டியவரிடமே வாங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வாசலுக்கு வரும் விற்பனையாளரிடம் பெரும்பாலும் அந்தச் சான்றே இருப்பதில்லை. பழைய ஃபேர்னஸில் வெப்பப் பரிமாற்றியில் கீறல் விழுந்து வெடிப்பு உண்டாவதும் உண்டு, கார்பன் மொனொக்சைட் கொல்லக்கூடியது என்பதும் உண்மை. அதனால் இந்தப் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். படுக்கையறைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நிலையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று இருக்கட்டும். அது ஒலித்தாலோ எரிவாயு மணத்தாலோ வெளியே வந்து 911ஐ அழையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே தெரிந்தெடுத்த, சான்று பெற்ற ஒருவரைக் கூப்பிட்டு ஃபேர்னஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவும் ஒழுங்காக நடக்கும் வீட்டில், வாசலில் நிற்கும் அந்நியர் கிளப்பும் பயத்துக்கு இடம் இருக்காது.

இனி கையெழுத்துக்கு வருவோம். டாப்லெட்டில் விரலால் கீறும்போது திரையில் தெரிவது பெட்டி ஒன்று மட்டுமே. "நான் வந்து பார்த்தேன் என்பதற்கு ஒரு கையெழுத்து" என்று கேட்டு வாங்கும் அந்தக் கீறல், பத்து ஆண்டு வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் போய் இருக்கும். உடனே ஓர் அழைப்பு வரும்; ஒலிப்பதிவு செய்யப்படும் அந்த அழைப்பில் கேட்பதற்கெல்லாம் "யெஸ்" என்று சொல்லும்படி பக்கத்தில் நிற்பவர் சைகை காட்டுவார். பிறகு பிணக்கு வந்தால், எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்தார் என்பதற்கு அந்தப் பதிவைத்தான் நீட்டுவார்கள். மாத வாடகை சின்னத் தொகையாகவே தெரியும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாதம் 80 டொலர், ஆண்டுதோறும் 3.5 வீதம் ஏறும், பத்து ஆண்டு என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: மொத்தம் ஏறத்தாழ 11,260 டொலர் வரும், அதன்மேல் 13 வீத விற்பனை வரி. கடையில் சில நூறு டொலருக்குக் கிடைக்கக்கூடிய வடிகட்டிக்கு இது. ஏற்கெனவே வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு இருந்த ஹொட் வோட்டர் டாங்கைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால், அதன் சொந்தக்காரரும் தனியாகப் பணம் கேட்பார். அதனால் பேஸ்மென்ட்டில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை இறங்கிப் பார்த்து, ஒவ்வொன்றின் லேபிளையும் படம் எடுத்து வையுங்கள்.

எங்கள் ஆட்களின் வீடுகளில் இது இலகுவாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசலுக்கு வந்தவரை உள்ளே கூப்பிடாமல் அனுப்புவது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அடையாள அட்டை போட்ட ஒருவர் வந்து கேட்டால் மறுக்கக் கூடாது என்ற பழக்கத்தை, இங்கே வருவதற்கு முன் வாழ்ந்த காலம் பலருக்குள் ஊன்றிவிட்டது. போதாக்குறைக்கு வருபவர் சில வேளை தமிழராகவே இருப்பார். "ஐயா எந்த ஊர்" என்று கேட்டுத் தொடங்கி, அம்மா தேநீர் வைத்துக் கொடுக்கும் அளவுக்குப் பேச்சை வளர்த்துவிடுவார். எங்களிடம் வந்த கோப்புகளில் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவை பல உண்டு. இதை உங்களுக்குச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் மொழி விளங்காமை, இயலாமை, எழுத்தறிவின்மை போன்ற காரணங்களால் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள முடியாத நிலையில் நுகர்வோர் இருக்கிறார் என்பதை விற்பவர் அறிந்தோ, அறிந்திருக்க வேண்டிய நிலையிலோ பேசி விற்றால், அது நியாயமற்ற நடைமுறையா என்று பார்க்கும்போது கணக்கில் எடுக்கப்படும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதேபோன்ற பொருள் வேறிடத்தில் கிடைக்கும் விலையைவிட மிகமிக அதிகமாக வாங்கியதும் அதே பட்டியலில் இருக்கிறது. நியாயமற்ற நடைமுறையால் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை ஓர் ஆண்டுக்குள் அறிவித்தல் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். அப்பாவுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது. காலம் இன்னும் அவர் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டிருந்தீர்கள். 2024 நடுப்பகுதி வரை பெரிய ஆபத்து இருந்தது. வாடகைக் கருவி வீட்டோடு பொருத்தப்பட்டிருப்பதால் அதில் தங்களுக்குப் பிணை உரிமை இருக்கிறது என்று காணிப் பதிவகத்தில் ஓர் அறிவித்தலைப் பதிய நிறுவனங்களால் முடிந்தது; அலுவலகங்களில் அதை நோசி என்று சொல்வோம். வீட்டுக்காரருக்குத் தெரியாமலே பதிவாகும். வீட்டை விற்கும்போதோ மறு அடமானம் வைக்கும்போதோ உறுதியைத் தேடினால் அப்போதுதான் வெளிவரும். விற்பனை முடிகிற நாள் நெருங்கிவிட்ட நிலையில், அதை அகற்றக் கருவியின் பெறுமதியைவிடப் பல மடங்கு தொகை கேட்பார்கள். வாங்குபவர் காத்திருக்கிறார், லொறி சொல்லியாயிற்று, கொடுக்காமல் வேறு வழியில்லை என்று கொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வடிகட்டியும் ஃபேர்னஸும் வெறும் சாட்டு. இந்த வியாபாரம் குறிவைத்தது வீட்டில் சேர்ந்திருக்கும் பெறுமதியைத்தான்.

2024 ஜூன் 6 அன்று நடைமுறைக்கு வந்த வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. நுகர்வோர் பொருள்களுக்காகக் காணிப் பதிவகத்தில் நோசி பதிவது அன்றோடு தடை செய்யப்பட்டது. ஏற்கெனவே பதிவாகி இருந்தவையும் அன்றோடு காலாவதியானவையாகக் கருதப்படுகின்றன. ஆகவே அப்பா அண்மையில் போட்ட கையெழுத்தை வைத்து இப்போது உங்கள் வீட்டு உறுதியில் நோசி பதிய முடியாது. பழையது ஏதும் ஏட்டில் இன்னும் தெரிந்தால் சட்டத்தரணி மூலம் விண்ணப்பித்து நீக்கிவிடலாம். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: நோசி போய்விட்டால் ஒப்பந்தமும் போய்விட்டது என்று. அப்படி இல்லை. அந்தச் சட்டம் காணியிலிருந்து பிடியை எடுத்தது. ஒப்பந்தத்தை அது தொடவில்லை. ஒப்பந்தம் தனியாக ரத்துச் செய்யப்படாவிட்டால், நிறுவனம் கடன் வசூலிப்பாளரிடம் கொடுக்கலாம், கடன் மதிப்பீட்டைப் பாதிக்கச் செய்யலாம், அசையும் சொத்துகளுக்கான தனிப் பதிவேட்டில் அப்பாவின் பெயரில் பதிந்தும் வைக்கலாம். உறுதியை, ஒன்ராறியோ காணிப் பதிவுகளுக்கான ஒன்லாண்ட் இணையத்தளத்தில் நீங்களே கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அசையும் சொத்துகளுக்கான பதிவேட்டையும் சேர்த்துத் தேடும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். அப்பா தெரியாமல் வேறு எதிலும் கையெழுத்திட்டிருக்கிறாரா, அடமானம் ஏதும் ஏறியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒருமுறை ஏமாந்த வீட்டின் முகவரி கைமாறும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரத்துச் செய்வதற்கு விசேட படிவம் எதுவும் தேவையில்லை. அப்பாவின் பெயர், முகவரி, ஒப்பந்த இலக்கம், கையெழுத்திட்ட நாள் ஆகியவற்றை எழுதி, அழைக்காமல் வீட்டுக்கு வந்து செய்த ஒப்பந்தம் என்பதால் இது செல்லாது என்றும், நியாயமற்ற நடைமுறையால் செய்யப்பட்டது என்பதாலும் இதை ரத்துச் செய்கிறேன் என்றும், இதுவரை எடுத்த பணத்தை 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். அப்பா கையெழுத்திடட்டும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தபாலில் போடும் அறிவித்தல் அனுப்பிய நாளிலேயே கொடுத்ததாகக் கொள்ளப்படும். பணத்தை எடுப்பது பெரும்பாலும் விற்றவராக இருக்காது, ஒப்பந்தத்தை அவரிடமிருந்து வாங்கிய நிதி நிறுவனமாக இருக்கும். வங்கிக் கூற்றில் உள்ள பெயரைப் பார்த்து அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்க முயல வேண்டாம். அவர்களோடு பேசுவதற்கென்றே பயிற்சி பெற்றவர் மறுமுனையில் இருப்பார். "வாடகையைக் குறைத்துத் தருகிறோம்" என்று புதிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டால், பழையதில் இருந்த குறையெல்லாம் அவர்களுக்குச் சரியாகிவிடும். வங்கியில் தானாகக் கழியும் பணத்தை நிறுத்தவும் அப்பாவுக்கு உரிமை உண்டு. ஆனால் கடிதம் போன பிறகு நிறுத்துங்கள். காரணம் சொல்லாமல் பணம் மட்டும் நின்றால், கட்டத் தவறியவர் என்ற வரலாறு அவர் பெயரில் எழுதப்படும்.

பொருளை வைத்துக்கொள்ளலாமா என்பதில் ஒரு கவனம் வேண்டும். தடையை மீறிய ஒப்பந்தம் என்பது உறுதியானால் வைத்துக்கொள்ளலாம் என்று மேலே சொன்னேன். அழைத்தது யார் என்பதே பிணக்காக இருந்தால், அதைக் கழற்றி வீசவோ விற்கவோ வேண்டாம். சேதமில்லாமல் அப்படியே இருக்கட்டும். கழற்ற வருகிறோம் என்று அவர்கள் சொன்னால், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளை எழுத்தில் கொடுங்கள். ஓர் ஆண்டு கடந்தவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஓர் ஆண்டுக்குப் பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று கைவிட வேண்டாம். வழக்குத் தொடுக்கும் பொதுக் கால எல்லை, விடயம் தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அழைப்பில்லாத ஒப்பந்தம் செல்லாது என்ற வாதமும் தனியாக இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட வழக்கில் எவ்வளவு தூரம் எடுபடும் என்பது ஆவணங்களையும் நாள்களையும் பொறுத்தது. அந்த இடத்தில் நான் ஊகம் சொல்வது சரியில்லை. 15 நாளில் பணம் வராவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு 1-800-889-9768 இலக்கத்தில் முறையிடுங்கள். ஏமாற்றிப் பெற்ற கையெழுத்து என்பதால் பொலிஸிலும், கனடிய மோசடி எதிர்ப்பு மையத்தில் 1-888-495-8501 இலக்கத்திலும் பதிவு செய்யுங்கள். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் எல்லை 2025 அக்டோபர் 1 முதல் 50,000 டொலராக உயர்ந்திருப்பதால், இத்தகைய தொகைக்குப் பெரிய நீதிமன்றம் வரை போக வேண்டிய தேவையும் இல்லை.

தடைப் பட்டியலில் இல்லாத வேலைகளும் வாசலுக்கு வருகின்றன: கூரை, ஜன்னல், டிரைவ்வே, புகைபோக்கி, அத்திவாரக் கசிவு. பக்கத்துத் தெருவில் வேலை முடிந்தது, தார் மிஞ்சியிருக்கிறது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்பது கோடைகாலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை. ஊற்றிவிட்டுப் போனது இரண்டு மழையில் கழுவுப்பட்டுப் போகும். கூரையில் ஏறிவிட்டு வந்து தொலைபேசியில் காட்டும் உடைந்த ஓட்டின் படம் உங்கள் கூரைதானா என்று கீழே நிற்பவரால் சொல்ல முடியாது. இவற்றில் அப்படியொரு முழுத் தடை இல்லாவிட்டாலும், வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்தையும், அதன் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் கேட்கவும் முடியாது, நீங்கள் இடையில் புதிய வேலைக்குச் சம்மதித்திருந்தாலே தவிர. பெரிய வேலையாயின் ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்து வைக்கக் கட்டுமானச் சட்டம் சொல்கிறது; அதைச் செய்யாமல் முழுதும் கொடுத்துவிட்டால், ஒப்பந்தக்காரரிடம் பணம் கிடைக்காத துணை வேலையாள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரிப் பதியும்போது அந்தப் பங்கை இரண்டாம் முறை கொடுக்க நேரலாம். ரொறன்ரோ நகரத்துக்குள் வீடு திருத்தும் ஒப்பந்தக்காரருக்கு நகரசபை உரிமம் வேண்டும். மின்வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபையின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். இரண்டையும் இணையத்தில் பெயரைப் போட்டு ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். அரசாங்க மானியம் வாங்கித் தருகிறோம் என்பவரிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: 5,000 டொலர் வரை கொடுத்த மத்திய அரசின் பசுமை வீட்டு மானியத்துக்குப் புதிய விண்ணப்பங்கள் 2024 தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டன, அதன் பெயரைச் சொல்லி ஆட்கள் வருவது மட்டும் நிற்கவில்லை.

தடுப்பதற்கு அப்பாவுக்குச் சட்டம் எல்லாம் பாடமாக்கத் தேவையில்லை. "வீட்டு விஷயம் எல்லாம் மகள்தான் பார்க்கிறா, தாளைப் போட்டுவிட்டுப் போங்கள்" என்ற ஒரு வசனம் போதும். மரியாதையும் கெடாது, கதவும் திறபடாது. எரிவாயு பில், வரிப் பத்திரம், வங்கிக் காசோலை எதையும் வாசலில் காட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணக்கு இலக்கம் கிடைத்த பிறகுதான் அவர்களுடைய வேலை இலகுவாகிறது. இதையெல்லாம் விட முக்கியம், நடந்ததற்காக அப்பாவைக் கடிந்துகொள்ளாமல் இருப்பது. பிள்ளைகள் ஏசுவார்கள் என்று மறைத்தவர்களின் கோப்புகளில்தான் ஒரு ஒப்பந்தம் மூன்று நான்காகப் பெருகியிருக்கக் கண்டிருக்கிறேன். உங்கள் அப்பா மூன்று மாதத்தில் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்றைக்கு இவ்வளவும் செய்ய முடிகிறது.

கடிதம் போன பிறகு இன்னொருவர் அழைக்கக்கூடும். வாடகை ஒப்பந்தங்களிலிருந்து உங்களை விடுவிக்கிறோம், எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறோம், அரசாங்கத்தின் சார்பில் பேசுகிறோம் என்பார். முதலில் ஏமாற்றியவர்களின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து வரும் இரண்டாவது அலை இது. பேச்சின் முடிவில் நீட்டப்படுவது வீட்டின் மேல் இரண்டாவது அடமானம், மிக உயர்ந்த வட்டியில், அவர்களே கொண்டுவரும் சட்டத்தரணியின் முன் கையெழுத்து. வடிகட்டி வாடகையால் யாரும் வீட்டை இழந்ததை நான் பார்த்ததில்லை. இந்த அடமானங்களால் வீட்டை விற்க நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் அழைப்பு வந்தால் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு வைத்துவிடும்படி அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். வீடு சம்பந்தமான எந்தத் தாளானாலும், அவர்கள் காட்டும் சட்டத்தரணியிடம் போகாமல், நீங்கள் தெரிந்தெடுத்த ஒருவர் வாசித்துத் தமிழில் விளக்கிய பிறகே அப்பாவோ அம்மாவோ பேனையை எடுக்கட்டும்.